காதுக்காரம்மா ஏறும் பஸ்

மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் புடைக்க ஓர் ஊது. காதுக்குள் 'டப்' என்று கேட்டால் அடைப்பு விட்டுவிட்டது. கேட்காவிட்டால் அடுத்த வளைவில் இன்னோர் ஊது. ஜீப்பில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், ஏதோ கோபத்தில் இந்த அம்மா வெடிக்கப் போகிறார் என்று நினைத்து முழங்காலை இழுத்துக்கொள்வார்கள். "ஒண்ணுமில்லீங்க, காது அடைச்சிருக்கு" என்பார் காதுக்காரம்மா. தன் குரல் தனக்கே கேட்காத நேரம் அது. அதனால் அவர் சொல்வது ஜீப்பைத் தாண்டிச் சரிவில் மேயும் ஆடுகளுக்கும் கேட்கும்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்ன வேலை பாக்கறீங்க?"

"காது டாக்டர்கிட்ட இருக்கேன். காது கேக்காதவங்களுக்கு மெஷின் வெச்சு விடறது."

ஜீப் மொத்தமும் சிரிக்கும். எல்லாரையும் விட அதிகமாகச் சிரிப்பவர் அவர்தான்.

வயது நாற்பத்தேழு. டாக்டர் பெருநகரத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்க, மலைமேல் இருக்கும் ஐந்து ஊர்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் வருவது இவர் பொறுப்பு. கையில் ஏழு கிலோ எடையுள்ள சாம்பல் நிறப் பெட்டி. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் கருவி அதில் இருக்கிறது. தோளில் ஒரு பை: காதில் ஊற்றி அச்சு எடுக்கும் நீல நிறப் பசை, பெயர் எழுதிய சின்னச் சின்ன டப்பாக்கள், சட்டைப் பித்தான் அளவு பேட்டரிகள். ஓர் ஊரில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறையைக் கொடுப்பார்கள். இன்னோர் ஊரில் பள்ளிக்கூட நூலகம். எங்கே போனாலும் முதல் வேலையாக நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துவிடுவார். 'டிக் டிக்' கேட்டால் சோதனை கெடும். போகும்போது திருப்பி மாட்ட மறந்துவிடுவதும் உண்டு. "அந்தம்மா வந்துட்டுப் போனா எங்க ஆபீஸ்ல நேரமே நின்னு போகுது" என்று ஒரு தலைமையாசிரியர் புகார் எழுதியிருக்கிறார்.

மலை ஊர்களுக்குப் போக வழிகள் நிறைய. ரோப் காரில் ஏறினால் பதினோரு நிமிடம்; ஆனால் மத்தியானம் வரை காது திறக்காது. மலை ரயிலில் பதினான்கு சுரங்கம், ஒவ்வொன்றும் காதில் ஓர் அறை கொடுத்துவிட்டுப் போகும். அதுவும் மண் சரியாத நாளில்தான் ஓடும். ஷேர் ஜீப்பில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், காதும் முழங்காலும் ஒன்றாக மரத்துப்போகும். பஸ்ஸில் நாலு மணி நேரம். மெதுவாக ஏறுவதால் காது கூடவே பழகிக்கொண்டு வரும். வயிறு மட்டும் பழகாது. ஊர் உலகம் நேரத்தையும் காசையும் பார்த்து வண்டி ஏறும். இவர் காதைப் பார்த்து ஏறுவார். காது அடைத்தபடி போய் நின்றால் அன்றைக்கு வேலை அரைகுறைதான்.

அவர் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து காட்டுவார். "நேர்கோட்டுல பதினாறு கிலோமீட்டர்தான் இருக்கு. இதுக்கா நாலு மணி நேரம்?"

"நேர்கோட்டுல போகணும்னா என்னையும் உங்க மேப் மாதிரி சுருட்டிக் குழாய்ல போட்டு அனுப்புங்க."

இத்தனை வண்டி ஏறி இறங்கியதில் காதுக்காரம்மாவுக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. பஸ் நிலையத்தில் புது ஆட்கள் முழித்துக்கொண்டு நின்றால் தானாகவே போய்ச் சொல்வார்: "டயரை அப்புறம் பாருங்க. முதல்ல டிரைவரைப் பாருங்க." பின்னாலிருந்து யாராவது கத்தினால் எந்த டிரைவர் தலையைத் திருப்புகிறாரோ அந்த வண்டியில் ஏறக் கூடாது. திரும்பிப் பார்க்கிறவன் திட்டுவான், திட்டுகிறவன் வேகமாக ஓட்டுவான். இது அவர் கண்டுபிடித்த விதி. அந்த விதிப்படி, மலையில் ஓடும் எல்லா வண்டிகளிலும் சிறந்தது காலை ஆறு நாற்பது பஸ்.

அதன் ஓட்டுநருக்கு ஐம்பத்து நாலு வயது. பயணிகள் வைத்த பெயர் 'பொறுமை'. ஜன்னல் மூடவில்லை என்று கத்துவார்கள், மூட்டை விழுந்துவிட்டது என்று கத்துவார்கள், மெதுவாகப் போ என்று ஒருவரும் வேகமாகப் போ என்று இன்னொருவரும் ஒரே மூச்சில் கத்துவார்கள். அவர் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. நடத்துநர் அவருடைய மனைவியின் தம்பி. அவர் நிதானமாக முன்னால் நடந்துபோய் மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். பஸ் நிற்கும். இரண்டு தட்டு, பஸ் கிளம்பும். என்ன ஒரு ஒற்றுமை என்று காதுக்காரம்மா கண் கலங்கியதுகூட உண்டு.

நாலு வருடமாக எல்லாரிடமும் இப்படித்தான் சிபாரிசு செய்தார்: "பொறுமை பஸ்ல ஏறுங்க. யாரு என்ன கத்தினாலும் அவரு காதுலயே வாங்கிக்க மாட்டாரு."

இப்போது இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தித் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார். "அதைச் சொன்ன வாயிலயே ஒண்ணு போடணும்."

அன்று குளிர்காலத்துத் திங்கட்கிழமை. முன் இருக்கை கிடைத்திருந்தது. பதினேழாவது வளைவை நெருங்கும்போது மேலேயிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தபடி இறங்கியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது நீளமாக. ஹாரன் கேட்டால் பதில் ஹாரன் அடித்து, வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நிற்பதுதான் மலைப்பாதை மரியாதை. பஸ் பதில் சொல்லவில்லை, ஒதுங்கவும் இல்லை. லாரியின் முகம் முழுசாக எதிரே வந்து நின்ற பிறகுதான் பிரேக். பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி லாரியில் உரசி மடங்கியது. இடதுபுறச் சக்கரத்துக்குக் கீழே சாலை முடிந்து மேகம் ஆரம்பித்திருந்தது. லாரிக்காரர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி ஏசினார். ஓட்டுநர் கையை நீட்டிக் கண்ணாடியை நேராக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வண்டியை எடுத்தார்.

"என்னா நிதானம் பாத்தீங்களா" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

'அவரு எப்பவுமே அப்படித்தான்' என்று பெருமையோடு சொல்ல வாயைத் திறந்தார் காதுக்காரம்மா. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. நடத்துநரின் கழுத்தில் தொங்கிய விசில் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த பளபளப்பில் அப்படியே இருந்ததை அப்போதுதான் பார்த்தார். அதை அவர் ஊதி ஒருநாளும் கேட்டதில்லை.

கணவாய் உச்சியில் பஸ் டீக்கு நின்றது. ஓட்டுநர் கிளாஸை வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். காதுக்காரம்மா அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் போய் நின்றுகொண்டார். கருவி இல்லாத இடத்தில் காதைச் சோதிக்க அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: பின்னால் நின்று தாழ்ந்த குரலில் எண் சொல்வது. கேட்டவர் திருப்பிச் சொல்வார், குறைந்தது திரும்பியாவது பார்ப்பார்.

"நாப்பத்தேழு."

ஓட்டுநர் டீயை ஆற்றினார்.

"முப்பத்தொம்பது." கொஞ்சம் குரலை ஏற்றி, "அறுபத்திரண்டு."

டீக்கடைக்காரர் நிமிர்ந்தார். "அறுபத்திரண்டு டீயா? அவ்வளவு பால் இல்லையேம்மா."

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கும் ஓட்டுநர் திரும்பவில்லை. திரும்பியவர் நடத்துநர். முகம் செத்துப்போய் ஓடிவந்தார். "அம்மா, வேண்டாம்மா. விட்டுடுங்க."

"எத்தனை வருஷமா இப்படி?"

"இடது காது அஞ்சாறு வருஷமா. வலது இப்ப ரெண்டு வருஷமாத்தான்." பிறகு கெஞ்சுகிற குரலில், "மாமா நல்லா ஓட்டுவாரும்மா. நான்தான் அவருக்குக் காது."

"அப்ப பதினேழாவது வளைவுல அந்தக் காது எங்க இருந்துச்சு?"

"கடைசி சீட்டுல. டிக்கெட் கிழிச்சிக்கிட்டு."

அந்த நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பயணிகளின் உயிரைப் பற்றித்தான் யோசித்தேன் என்று காதுக்காரம்மா சொல்லிக்கொள்ளலாம். சொல்வதில்லை. "முதல்ல தோணினது என்ன தெரியுமா? டீக்கடை ஓரத்துல ஒரு ஜீப் நின்னுது. அதுல இடம் இருக்கான்னுதான் பாத்தேன். இருந்துச்சு. ஜன்னலோரம்."

ஆனாலும் கால் ஜீப் பக்கம் போகாமல் ஓட்டுநருக்கு எதிரே போய் நின்றது. உதடு தெரியும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசினார். ஓட்டுநர் முதலில் புரியாதவர்போல நின்றார், பிறகு மறுத்தார். அதற்கும் பிறகு, பயணிகள் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. 'பொறுமை'க்குக் கோபம் வந்தது.

"எஞ்சின் சத்தம் எனக்குக் கால்ல கேக்கும்மா. கியர் கையில கேக்கும். இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு கீறல் கிடையாது."

"லாரி எதுல கேக்கும்?"

"அவன் ஹாரன் அடிக்கவே இல்ல."

"மூணு தடவை அடிச்சாரு அண்ணே. மூணாவது நீளமா."

ஓட்டுநர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தன் செருப்பைப் பார்த்தார்.

"மூணு தடவையா மாப்ள?"

நடத்துநர் தலையை மட்டும் ஆட்டினார். காதுக்காரம்மா விதிமுறை பேசலாம், பணிமனைக்கு எழுதிப்போடுவேன் என்று மிரட்டலாம். இரண்டுக்கும் தைரியம் வரவில்லை. மனதில் இருந்த பயத்தையே அப்படியே எடுத்துக் கேட்டுவிட்டார்.

"அண்ணே, அந்தப் பக்கம் ஊருக்கு இறங்க இன்னும் இருபத்திரண்டு வளைவு இருக்கு. நான் உங்க பஸ்ல ஏறட்டுமா, ஜீப்ல போகட்டுமா? நீங்களே சொல்லுங்க."

ஓட்டுநர் டீயைக் கடைசி மடக்குவரை குடித்தார். காலி கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தார்.

"நீங்க ஜீப்ல போங்கம்மா" என்றார்.

சொல்லிவிட்டுப் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் ஒரு பெண் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒருவர் வாயைத் திறந்து தூங்கினார். பின் படிக்கட்டில் இரண்டு பேர் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் அங்கே சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று பணிமனை எண்ணை அழுத்திவிட்டு, போனை மைத்துனரிடம் நீட்டினார். மறுமுனையில் பேசுவது அவருக்குக் கேட்காதே.

"வண்டி நிக்குது, வேற டிரைவர் அனுப்பச் சொல்லு."

நடத்துநர் சொன்னார். கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனைக் கையால் மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, "என்ன கோளாறுன்னு கேக்கறாங்க மாமா."

"டிரைவருக்குக் காது கேக்கலன்னு சொல்லு."

"மாமா..."

"சொல்றா."

வேறு ஓட்டுநர் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. காதுக்காரம்மா ஜீப்பில் போகவில்லை. பெரிய மனசால் அல்ல என்று அவரே சொல்வார். "வம்பை இழுத்து விட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லிடுவாங்களேன்னு ஒரு பயம்." ஓடாமல் இருந்ததற்கும் திட்டுக் கிடைத்தது. "இந்தம்மாதான் போய் ஏதோ வத்தி வெச்சிருக்கு" என்று வாயைத் திறந்து தூங்கியவர், விழித்தவுடன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். குளிரில் பெட்டி மேல் உட்கார்ந்து, முப்பத்தெட்டுப் பேரின் முணுமுணுப்பையும் ஒரு சொல் விடாமல் கேட்டார். அன்றைக்கென்று பார்த்துக் காது அவ்வளவு சுத்தமாகத் திறந்திருந்தது.

ஒன்றரை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தால், காத்திருந்த பதினோரு பேரில் நாலு பேர் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிக் கணவரிடம் சொன்னதும் அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "நாலு வருஷம் அவருக்கு நேர் பின்னால உக்காந்து போயிருக்க. காது பாக்கறதுதான் உன் வேலை."

"ஆமா."

"சம்பளமும் குடுக்கறாங்க."

"ஆமாங்க. என் காதுலயே பூ சுத்திட்டாங்க. சுத்தறதுக்கு வாகா நான்தான் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பதினைந்து நாள் கழித்து ஓட்டுநர் சோதனைக்கு வந்தார், மைத்துனரோடு. அன்று பார்த்துக் காதுக்காரம்மா ரோப் காரில் வந்திருந்தார். எந்த பஸ்ஸைப் பார்த்தாலும், அதன் ஓட்டுநரின் பின்னால் நின்று எண் சொல்லிப் பார்க்கத் தோன்றியதால் வந்த வினை. இரண்டு காதும் கல் வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அறைக்குள் கேட்காதவர் ஒருவர், கேட்காதவருக்குச் சோதனை செய்பவர் ஒருவர். "சத்தம் வந்தா பட்டனை அழுத்துங்க" என்று இவர் கத்த, "என்ன வந்தா?" என்று அவர் கத்த, வெளியே காத்திருந்த நடத்துநர் உள்ளே அடிதடி என்று நினைத்து இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். கேட்கும் அளவைக் காட்டித் தாளில் விழுந்த கோடு இடமிருந்து வலமாக மலை இறங்கியது. இடது காதின் கோடு, இறங்கவில்லை, உருண்டது.

அச்சு எடுத்து, கருவி தயாராகி வர இன்னும் பதினைந்து நாள். அன்றும் ரோப் கார்தான். கருவியைக் காதில் பொருத்தியதும் அது கீச்சென்று விசில் அடிக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அடித்தால் அச்சு சரியாக உட்காரவில்லை என்று பொருள். காதுக்காரம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடத்துநரை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வந்து நில்லுங்க. விசில் வருதா பாருங்க."

நடத்துநர் அதைத் தன் விசிலைச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். கழுத்திலிருந்து எடுத்து வாயில் வைத்து மூச்சுமுட்ட ஊதினார். அடைத்திருந்த காதுக்காரம்மாவுக்கே அது கேட்டது. ஓட்டுநர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஓட்டுநர் மெல்லத் திரும்பி மைத்துனரைப் பார்த்தார். "இத்தனை நாளா அதை எங்கடா வெச்சிருந்த?"

மைத்துனர் விசிலைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பணிமனையில் ஓட்டுநரை மூன்று மாதம் உதிரி பாகங்கள் இருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு அங்கே உள்ள டாக்டர் சோதித்தார். வண்டியை மலையில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அதிலும் தேறி, கருவியோடு ஓட்டலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பழைய ஆறு நாற்பதுக்கே திரும்பி வந்தார். காதுக்காரம்மா முதல் நாள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் யார் ஹாரன் அடித்தாலும் அவர் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பதினேழாவது வளைவுக்கு வெகு முன்னாலேயே பஸ் ஒதுங்கி நின்றது. "என்னாச்சு, ஏன் நிக்குது?" என்று கேட்டார் காதுக்காரம்மா. அரை நிமிடம் கழித்துத்தான் லாரி வந்தது. தூரத்திலேயே அது அடித்த ஹாரன் எஞ்சின் இரைச்சலில் இவருக்குக் கேட்டிருக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால், பயணிகள் அப்படி நினைக்கவில்லை. ஓட்டுநருக்கு இப்போது எல்லாமே கேட்கிறது. கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு நட்டு ஆடுவது கேட்கிறது. ஜன்னலோரத்தில் யாரோ தன்னைப் பற்றிக் கிசுகிசுப்பது கேட்கிறது. மெதுவாகப் போ என்றால், "நீங்க வந்து ஓட்டுங்க" என்கிறார். தலையைத் திருப்புவதில்லை, பதில் மட்டும் வருகிறது. 'பொறுமை' என்ற பெயரை யாரும் இப்போது சொல்வதில்லை. "நல்லா இருந்த மனுஷன். இந்தம்மா போய்க் காதைத் திறந்து விட்டு எங்க உயிரை வாங்குது" என்று தலை வாரிய பெண்ணே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

காதுக்காரம்மாவும் இப்போது யாருக்கும் வண்டி சிபாரிசு செய்வதில்லை. எதில் போகலாம் என்று கேட்பவர்களிடம், "நான் எதுல ஏறறேன்னு பாருங்க. பாத்துட்டு வேற எதுலயாவது ஏறுங்க" என்கிறார். கேட்டவர் குழம்பி நிற்கும்போதே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு நாற்பதில் ஏறிவிடுகிறார்.

போன திங்கட்கிழமையும் அப்படித்தான். ஏறி உட்கார்ந்தவர், ஜன்னல் கதவு பாதியில் நிற்கிறது என்று ஆரம்பித்தார். இருக்கையில் பஞ்சு வெளியே வந்துவிட்டது என்றார். நடத்துநர் தபால் மூட்டையை வாங்கிவரப் போயிருந்தார். மணி ஆறு நாற்பத்தைந்தாகியும் வண்டி அசையவில்லை. "போன தடவை பன்னெண்டு மணிக்குத்தான் கொண்டுபோய் விட்டீங்க அண்ணே, அங்க வயசானவங்க வெயில்ல நிக்கறாங்க, நான் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது" என்று நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது பேச்சு.

ஓட்டுநர் மேலே இருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தார். இரண்டு விரலால் வலது காதிலிருந்து ஒன்றை எடுத்தார், இடது காதிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக் கண்ணை மூடினார். காதுக்காரம்மாவின் வாய் இன்னும் நாலைந்து சொல் தானாக ஓடி, பிறகு நின்றது.

நடத்துநர் மூட்டையோடு படியேறிக் கதவைச் சாத்தினார். ஓட்டுநர் கண்ணைத் திறந்தார். டப்பாவை எடுத்து வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று பொருத்தி, சாவியைத் திருப்பும் முன், சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது சொல்லலாம் என்பதுபோல, கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.